அவசரம் இல்லாத குரல்

சமன் வழியாக வரும் குரலுக்கு எப்போதும் வயிறு நிறைந்திருக்கும். சாப்பிட்டு முடித்து, கை துடைத்து, சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தவரின் குரல் அது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் பேசினாலும் அதே நிதானம்தான். பல வருடமாக அதைக் கேட்டுக் கேட்டுச் செண்பகவல்லிக்குச் சொந்தக் குரலே மறந்துபோயிருந்தது. மினிபஸ்ஸில் ஏறினால், "இயன்றால் ஒரு ராஜபாளையம் டிக்கெட் தந்து உதவவும்" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்று சில நாள் பயப்படுவாள்.

ஒரு காலத்தில் அவள் திருப்பூரில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். பனியன் கம்பெனிக்காரர்களுக்கும் வெளிநாட்டு வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று இருபது வருடம் பேசினாள். சண்டை வந்தால் இரண்டு பக்கத் திட்டையும் அவள்தான் சுமப்பாள். பிறகு சமன் வந்தது. நாடு விட்டு நாடு போகும் வியாபாரப் பேச்சு எதுவும் இனி இந்த இயந்திரம் வழியாகத்தான் போக வேண்டும் என்று உடன்படிக்கை ஆனது. மொழியை மாற்றுவது அதற்குச் சின்ன வேலை. பேச்சிலிருந்து பதற்றத்தை எடுப்பதுதான் பெரிய வேலை. குரலை இழைத்துச் சமப்படுத்தும். ஊர், பேர், அங்கே என்ன நடக்கிறது என்கிற விவரம் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். மிச்சம் இருப்பது சரக்கு, அளவு, தேதி.

ஆனாலும் மொழிக்கு ஒரு மனிதர் சாட்சியாக உட்கார வேண்டும் என்று உடன்படிக்கையில் ஒரு வரி இருந்தது. அந்த வரியில்தான் செண்பகவல்லிக்குச் சோறு. சத்திரப்பட்டியில் ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சியின் பேண்டேஜ் துணி ஆலையில், தறிச் சத்தம் கேட்காதபடி கண்ணாடி அடைத்த அறை ஒன்றில், காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பாள். இடது காதில் ஸ்பானியம். வலது காதில் தமிழ். இரண்டும் இழைத்தவை. பேச்சு முடிந்ததும் 'பொருள் மாறவில்லை' என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் அது நடந்தது.

எதிரே அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது, கனத்த உடம்பு, வியாபாரத்தில் சூது இல்லாத மனிதர் என்று பெயர். மறுமுனையில் ஒரு மருத்துவமனை. எந்த நாடு, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. திரையில் 'வாங்குநர்' என்று மட்டும் வரும். இரண்டு கண்டெய்னர் கட்டுத்துணி கேட்டிருந்தார்கள். அதே வாரம் வேறொரு வாங்குநர், கல்யாண மேடை அலங்காரத்துக்கு அதே மெல்லிய துணியைச் சாயம் போட்டுக் கேட்டிருந்தார். விலையும் கொஞ்சம் கூட.

அண்ணாச்சி ஒலிவாங்கியைப் பார்த்துச் சொன்னார். "ஊர்ல திருவிழாங்க. தறி எல்லாம் நிக்கும். அதுக்கு முன்னால வேற ஒரு ஆர்டரு கையில இருக்கு. அதை முடிச்சுட்டு ஒங்க சரக்க அடுத்த மாசக் கடைசில ஏத்திருவோம். சரிங்களா?"

செண்பகவல்லியின் இடது காதில் சமனின் ஸ்பானியம் அதைச் சொல்லி முடித்தது. வழக்கமான மௌனம். பிறகு ஒரு கரகரப்பு. பழைய வானொலியில் நிலையம் மாறுவது போல ஏதோ விலகியது.

இடது காதில் ஒரு பெண் ஸ்பானியத்தில் கத்தினாள்.

"அடுத்த மாதமா? அடுத்த மாதம் இங்கே யாருக்குக் கட்டுவது? படுக்கை விரிப்பைக் கிழித்துக் கொதிக்கவைத்துக் கட்டுகிறோம். காய வைக்க நேரம் இல்லை. ஈரத்தோடு கட்டுகிறோம், புண் அழுகுகிறது. கேட்கிறதா? என் பெயர் இரேனே. ஐயோ, அங்கே மனிதர் என்று யாராவது இருக்கிறீர்களா?"

அவளுக்குப் பின்னால் யாரோ முனகினார்கள். தகரம் எதுவோ கீழே விழுந்தது. தூரத்தில் கனமான ஒரு சத்தம், அதையடுத்து எல்லாரும் ஒரு கணம் அடங்கிப்போன நிசப்தம்.

வலது காதிலும் அண்ணாச்சியின் ஒலிபெருக்கியிலும் சமன் தமிழில் சொன்னது: "தங்கள் தகவலுக்கு நன்றி. இயன்றால் சற்று முன்னதாக அனுப்புவது உதவியாக இருக்கும்."

"பாத்தியாம்மா, எவ்வளவு பொறுமையான மனுசங்க" என்றார் அண்ணாச்சி. "திருவிழான்னா புரிஞ்சுக்கிறாங்க."

இணைப்பு முடிந்தது. பச்சைப் பொத்தான் ஒளிர்ந்தது. செண்பகவல்லியின் விரல் தானாகப் போய் அதை அழுத்தியது. அழுத்திய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார். அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பதற்றம்கூட வரவில்லை. அதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது. இருபது வருடம் முன்பு இப்படி ஒரு குரல் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து நின்றிருப்பாள். இப்போது முதலில் வந்த நினைப்பு, 'இதை நான் ஏன் கேட்டுத் தொலைத்தேன்' என்பதுதான்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. டப்பாவைத் திறந்து புளிச்சோற்றைப் பார்த்தாள். மூடிவைத்துவிட்டுச் சலவைத் தொட்டிப் பக்கம் போனாள். வெளுத்த துணியைக் கொடியில் போடுவதை அண்ணாச்சி பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் கூசச் செய்தது.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் தனியா."

கேட்டதை அப்படியே சொன்னாள். இரேனே என்ற பெயரை மட்டும் சொல்லவில்லை. அது ஏனோ சொல்லக் கூடாத ஒன்றாகத் தோன்றியது.

அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ கேட்டது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியும்ல? மதுரை ஆபீஸ்காரன் நம்ம சமன் இணைப்பை வெட்டிருவான். அதோட ஆலையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். உன்னையப் புடிச்சு ஜெயில்ல வச்சிருவான்."

"தெரியும் அண்ணாச்சி."

"சும்மாவா இந்தச் சமனைக் கொண்டாந்தான்? பீதி வருசம் நீ திருப்பூர்ல இருந்த. நான் இங்க இருந்தேன். அந்தக் காய்ச்சல் பரவுதுன்னு ஒருத்தன் போன்ல கத்துனான் பாரு, அந்தச் சத்தத்துலயே நூலு விலை ஏறுச்சு. அடுத்தவன் அதைவிடச் சத்தமா கத்துனான், இன்னும் ஏறுச்சு. எவன் ரொம்பத் தவிக்கிறானோ அவன்கிட்ட ரொம்பப் புடுங்குனோம். கப்பல நடுக்கடல்ல வச்சே சரக்க வேற ஆளுக்கு வித்தான். கடைசில எந்த ஆஸ்பத்திரிக்கும் துணி இல்ல. குடோன்ல இருந்துச்சு, ஆஸ்பத்திரில இல்ல. அழுகைக்கு வெல வச்சா என்ன ஆகும்னு உலகமே பாத்துச்சு."

"அதனால அழுகையே கேக்கக் கூடாதுன்னு பண்ணிட்டாங்க."

"கேக்காததால வெல ஏறல. சண்டைகூடக் கொறஞ்சிருக்கு, அதையும் சொல்லணும்." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஆனா ஒண்ணும்மா. கல்யாண மேடைக்காரனும் அதே கொரல்ல கேக்கிறான், ஆஸ்பத்திரிக்காரியும் அதே கொரல்ல கேக்கிறா. எது தவிப்பு, எது சொகுசுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன கடவுளா?"

அவளுக்குக் களைப்பாக இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்கூடத் தனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது, அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

கொடியில் கிடந்த துணியின் ஓரத்தை அண்ணாச்சி விரலால் நீவிப் பார்த்தார். "மேடையில துணி இல்லைன்னு எந்தக் கல்யாணமும் நின்னதில்ல" என்றார் கடைசியாக. "தறியில மாத்தச் சொல்றேன். ஆனா திருவிழாவுக்கு ஆளு நிக்காது. அதை நீயே பேசிக்க. காரணம் மட்டும் யார்ட்டயும் சொல்லிராத."

மடிப்புக்கட்டில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். துணியை வெட்டி, மடித்து, நீராவியில் வேகவைத்துப் பொட்டலம் போடுவது அவர்கள் வேலை. அவர்களுக்கு மூத்தவள் குருவம்மா. அவள் ஒரு சொல் சொன்னால் அது நடக்கும். செண்பகவல்லி போய் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"என்ன அக்கா வெளையாடுறீங்க? பொங்கலுக்கு வேலையா? எம் மக மொத மொதல்ல மாப்பிள்ளைய கூட்டிக்கிட்டு வரா. என் தங்கச்சி மதுரையில இருந்து வரா. அவ என்கூடப் பேசியே ரெண்டு வருசம் ஆச்சு."

"வேலை இருக்கு குருவம்மா. ஆஸ்பத்திரிச் சரக்கு."

"அவங்கதான் அவசரமே இல்லன்னு சொன்னாங்களாமே. அண்ணாச்சி காலையில சொல்லிக்கிட்டுப் போனாரு, ரொம்பப் பொறுமையானவங்கன்னு." குருவம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். செண்பகவல்லியின் முகத்தை ஊன்றிப் பார்த்தாள். "ஏங்க்கா, யாராச்சும் செத்துட்டாங்களா?"

அந்தக் கேள்விக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் இயன்றால், உதவியாக, தங்கள் ஒத்துழைப்பு என்று சமனின் சொற்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"வா" என்று நூல் கிடங்குக்குள் கூட்டிப்போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஈரத் துணி, அழுகும் புண், பின்னால் கேட்ட சத்தம். குருவம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அது அத்தனையும் 'உதவியாக இருக்கும்'னு வந்துச்சா?"

"ஆமா."

"அப்ப நாம பேசுறது? போன கோடையில தண்ணி இல்லாம சலவை நின்னு, சம்பளம் இல்லாம கெடந்தோமே. கொஞ்சம் முன்பணம் குடுங்கன்னு அண்ணாச்சி சரக்கு வாங்குறவங்ககிட்ட அழுதாரே, பக்கத்துல நான் நின்னேன். அது என்னன்னு போச்சு?"

செண்பகவல்லிக்கு அது நன்றாக நினைவிருந்தது. "'உற்பத்தியில் சிறிது தாமதம் எதிர்பார்க்கப்படுகிறது'ன்னு போச்சு."

"நல்லாருக்கு. ரெண்டு ஊமைக்கு நடுவுல ஒரு வக்கீலு." குருவம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "நான் பேசிக்கிறேன் இவளுககிட்ட. காரணம் சொல்ல மாட்டேன். என் மொகத்துக்காகச் செய்யுங்கடின்னு கேப்பேன். செய்வாளுக."

செய்தார்கள். கோயில் மேளம் ஆலைச் சுவருக்கு வெளியே போய்க்கொண்டிருக்க, உள்ளே தறி ஓடியது. சாமி ஆலை வாசலில் வந்து நின்றபோது பெண்கள் ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டுக் கையோடு திரும்பினார்கள். அண்ணாச்சி முற்றத்தில் அடுப்புப் போட்டுப் பொங்கல் வைக்கச் சொன்னார்; பொங்கலும் நீராவி அடுப்பும் ஒன்றாகப் பொங்கின. குருவம்மாவின் மகளும் மருமகனும் ஆலைக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செண்பகவல்லியும் கண்ணாடி அறையை விட்டு வந்து மடிப்பில் உட்கார்ந்தாள். அவள் மடித்தது கோணலாக இருக்கிறது என்று குருவம்மா பிரித்துப் பிரித்துப் போட்டாள். பேசாமல், யோசிக்காமல், கை மட்டும் போய்வந்த அந்த நாட்களில்தான் வெகுகாலத்துக்குப் பிறகு செண்பகவல்லி படுத்தவுடன் தூங்கினாள்.

இரண்டு கண்டெய்னர்களும் தூத்துக்குடிக்குப் புறப்பட்டன. கப்பல் ஏறியது என்று சேதி வந்தது.

அதற்கு அடுத்த வாரம் நூல் விலை ஏறியது.

முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு தளவாய்புரத்தில் ஒரு குடோன்காரர் கட்டுத்துணியை விற்க மாட்டேன் என்றார். அதற்குப் பின்னால் சேத்தூரில் இன்னொருவர். அண்ணாச்சிக்கு ஓயாமல் போன் வந்தது. எங்கோ பெரிய சண்டையாம், பேண்டேஜ் துணிக்குத் தங்க விலை வரப்போகிறதாம், உங்களிடம் எவ்வளவு இருக்கிறது? சமன் வெளிநாட்டுப் பேச்சைத்தான் இழைக்கும். சத்திரப்பட்டிக்காரர் ராஜபாளையத்துக்காரரிடம் பேசுவதை அது இழைக்காது. ஊருக்குள் கிளம்பிய பதற்றம் விலையாக மாறியது. அந்த விலை எந்தத் தடையும் இல்லாமல் உலகம் முழுக்கப் போனது. எண்களுக்குத் தொனி கிடையாதே.

குருவம்மா கண்ணாடி அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"தங்கச்சிகிட்ட மட்டும் சொன்னேன்க்கா. திருவிழாவுக்கு வீட்டுல இல்லாமப் போனேன்னு கோவிச்சுக்கிட்டு ஊருக்குக் கெளம்பப் பையத் தூக்கிட்டா. மறுபடி ரெண்டு வருசம் பேசாமப் போயிருவாளோன்னு சொல்லிட்டேன். அவ வீட்டுக்காரரு நூல் புரோக்கரு. அது எனக்கு அப்ப நெனப்புலயே வரலக்கா."

செண்பகவல்லிக்குக் கோபம் வரவில்லை. அண்ணாச்சி பேச்சை மீறித் தானும் ஒருத்தியிடம் மட்டும்தானே சொன்னோம் என்று நினைத்தாள். "உக்காரு. தண்ணி குடி" என்றாள்.

சமனின் மதுரை வட்டார அலுவலகத்திலிருந்து அதிகாரி நிஜாமுதீன் வந்தது இதற்குப் பிறகு. நாற்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். காரில் தனியாக வந்தார். அண்ணாச்சி பதறிப்போய் இளநீர் வெட்டச் சொன்னார். நிஜாமுதீன் மரியாதையாக மறுத்துவிட்டு, செண்பகவல்லியோடு கண்ணாடி அறையில் உட்கார்ந்தார்.

அவளே ஆரம்பித்தாள். "சார், அன்னைக்கு லைன்ல பழுது. நான் கேட்டேன். அண்ணாச்சிக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னது நான்தான். என்ன செய்யணுமோ எனக்குச் செய்யுங்க."

"உங்க சரக்கு கப்பல்லேருந்து எறங்கிடுச்சு மேடம்" என்றார் அவர். "இன்னும் ரெண்டொரு நாள்ல போய்ச் சேரும். ஆனா இதே துணிக்குக் காத்திருந்த வேற ரெண்டு ஊருக்கு இப்ப சரக்கு இல்ல. விலை ஏறினதுல கை மாறிப் போயிடுச்சு. அந்த ஊர் எதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல முடியாது."

அவள் தலை குனிந்திருந்தாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் தறிகள் சத்தமில்லாமல் ஆடுவது தெரிந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும். அதுக்குத்தான் போன்ல பேசாம நேர்ல வந்தேன்." அவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "அது பழுது இல்ல."

"என்னது?"

"திறந்து விட்டது நாங்கதான். என்னை மாதிரி ஒரு சில பேரு. உடன்படிக்கையில விதிவிலக்கு வைக்க முடியாது மேடம். உயிர் போற அவசரம்னா மட்டும் அப்படியே அனுப்பலாம்னு ஒரு விதி வச்சா, அது எந்த லைன்ல வருதுன்னு பாத்துப் பாத்தே சந்தை விலை வச்சிடும். ரெண்டே நாள்ல பழையபடி பீதிதான். அதனால காகிதத்துல ஒண்ணும் கெடையாது. ரொம்ப முத்திப்போச்சுன்னு தெரியும்போது, அந்த லைன்ல சாட்சியா உக்காந்திருக்கிற ஒருத்தர் காதுல மட்டும் கொஞ்ச நேரம் திறந்து விடுவோம். பாக்கிறவங்களுக்கு அது பழுது."

"விட்டுட்டு?"

"விட்டுட்டு... காத்திருப்போம்."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. "ஏன் நான்?"

"உங்க பதிவைப் பாத்தோம். இத்தனை வருசத்துல ஒரு புகார் இல்ல, ஒரு கேள்வி இல்ல. அமைதியானவங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க, ஆனா எதையாவது செய்வாங்கன்னு நினைச்சோம்."

"நான் அமைதியானவ இல்ல சார். அலுத்துப்போனவ. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது." அவள் குரல் உயர்ந்தது. உயர்ந்ததைக் கேட்டு அவளே திகைத்தாள். தறிக்காரர் ஒருவர் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "உலகம் நிம்மதியாத் தூங்கணும்னு ஒரு மெசினு பண்ணிட்டு, அதுக்குப் பதிலா நான் முழிச்சிருக்கணுமா? அந்த ரெண்டு ஊரு பாவம் யாரு கணக்குல சார்? உங்களுதா, என்னுதா, குருவம்மா தங்கச்சியோடதா?"

"தெரியல மேடம்." அவர் மழுப்பவில்லை. "நான் தூங்கி நாளாச்சு."

பிறகு அவள் கேட்டாள். "என்னை மாதிரி வேற எத்தனையோ பேருக்குத் திறந்து விட்டிருப்பீங்கள்ல. அவங்க என்ன செஞ்சாங்க?"

"பெரும்பாலும் ஒண்ணும் இல்ல. ஹெட்செட்டைக் கழட்டி வச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. லைன்ல கோளாறுன்னு எழுதிப் போட்டவங்களும் உண்டு." அவர் எழுந்தார். "நாங்களும் அதைத் தப்புன்னு நினைக்கிறதில்ல. இனிமே உங்களுக்கு வேண்டாம்னா சொல்லிடுங்க, விட்டுடறோம். உங்க மேல நடவடிக்கை எதுவும் வராது. எடுத்தா, எதுக்கு எடுத்தோம்னு எழுதணுமே."

வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"சரக்கு சேந்ததும் அவங்க கூப்பிடுவாங்க. அந்தப் பேச்சைத் திறந்து விடச் சொல்லியிருக்கேன். அதுல அவசரம் ஒண்ணும் இருக்காது, செய்யறதுக்கும் ஒண்ணும் இல்ல. எங்க வழக்கத்துல அப்படிக் கெடையாது. ஏனோ செய்யணும்னு தோணுச்சு. நீங்க மட்டும் கேட்டுட்டு மறந்துடுங்க."

அழைப்பு வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்கால வெயில் கண்ணாடி அறையில் சாய்வாக விழுந்திருந்தது. அண்ணாச்சி வங்கிக்குப் போயிருந்தார். மடிப்புக்கட்டிலிருந்து குருவம்மா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் யாரிடமும் பேசவில்லை.

செண்பகவல்லி கண்ணாடியைத் தட்டி அவளைக் கூப்பிட்டாள். உள்ளே வந்தவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்செட்டின் இடது காதை அவளுக்குக் கொடுத்தாள். வலது காதைத் திருப்பிக் கவிழ்த்துவிட்டு, குருவம்மாவின் தலையோடு தலை சேர்த்து அவளும் குனிந்துகொண்டாள்.

"யாருக்கா?"

"கேளு."

கரகரப்பு விலகியது. இந்த முறை இரேனே கத்தவில்லை. அழுதாள். பெரிய அழுகைகூட இல்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்தவர் ஒரு சுவரில் சாய்ந்ததும் தானாக வருமே, அந்த அழுகை. நடுநடுவே ஏதோ சொன்னாள். நிறுத்தினாள். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சொன்னாள்.

திரையில் தமிழ் எழுத்து வந்து நின்றது: 'சரக்கு பெறப்பட்டது. நன்றி.'

குருவம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. "என்ன சொல்றாக்கா?"

"வந்துருச்சுன்னு சொல்றா. துணி வெள்ளையா இருக்குன்னு சொல்றா. காஞ்சிருக்குன்னு சொல்றா."

"அப்புறம்? இன்னும் என்னமோ சொல்லிக்கிட்டே இருக்காளே."

"பேரு சொல்றா. ஒவ்வொருத்தர் பேரா."

"யாரு பேரு? பொழைச்சவங்களா, போனவங்களா?"

செண்பகவல்லி இன்னும் கொஞ்சம் குனிந்து, மூச்சை அடக்கிக் கேட்டாள். அந்தக் குரலில் அதற்குப் பதில் இல்லை. "அதைச் சொல்லல குருவம்மா. பேரை மட்டும்தான் சொல்றா."

குருவம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் பேருந்துக்காக மற்றப் பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள், அவள் திரும்பவில்லை.

"மெதுவாச் சொல்லுங்க" என்றாள். "நானும் சொல்றேன்."

செண்பகவல்லி ஒரு பெயரைச் சொன்னாள். ஒஃபேலியா.

"ஒப்பேலியா" என்றாள் குருவம்மா.

ரமீரோ. "ராமீரு." எஸ்தேபான். "எத்தேவன்." நாக்கு புரளாமல் அவள் தடுமாறத் தடுமாற, அந்தப் பக்கத்துப் பெண் அடுத்த பெயரைச் சொன்னாள்.